பிரிட்டன் எந்தத் தேர்தல் முறைக்கு மாறலாம்? அக்கம்பக்கத்து நாடுகள் சொல்லும் பாடம்

2024 ஜூலை 4 அன்று நடந்த பிரிட்டன் பொதுத்தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய வாக்கு 33.7 சதவீதம். கிடைத்த இடங்கள் 650இல் 411. இதே கட்சி 2017இல் 40 சதவீதம் வாங்கித் தோற்றது. அப்போது ஏறத்தாழ 1 கோடியே 29 லட்சம் பேர் ஓட்டுப் போட்டும் எதிர்க்கட்சி வரிசைதான் கிடைத்தது. 2024இல் 97 லட்சம் பேர் போட்டதற்கு அசைக்க முடியாத பெரும்பான்மை கிடைத்தது. வலதுசாரி ரிஃபார்ம் கட்சிக்கு 41 லட்சம் வாக்குகள், 5 இடங்கள். அதைவிடக் குறைவாக 35 லட்சம் வாங்கிய லிபரல் டெமாக்ரட்களுக்கு 72 இடங்கள்.

ரிஃபார்ம் கட்சியின் கொள்கைகளில் எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனாலும் 41 லட்சம் பேர் வாக்குச்சாவடிக்குப் போய் வந்ததற்கு 5 இடங்கள்தான் என்றால், அந்த அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நாளைக்கு இதே கணக்கு தலைகீழாகத் திரும்பி, அந்தக் கட்சியே 30 சதவீத வாக்கில் முழு ஆட்சியையும் பிடிக்கலாம். அதுவும் இதே அநியாயம்தான்.

பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள் அந்த நாட்டு பாஸ்போர்ட் வாங்காவிட்டாலும், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பொதுத்தேர்தலில் வாக்களிக்கலாம். லண்டனின் ஈஸ்ட்ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஆகவே இது ஊரார் விவகாரம் இல்லை. விவாதமும் சூடாகத்தான் இருக்கிறது. 2024 டிசம்பர் 3 அன்று, வாங்கிய வாக்கின் அளவுக்கு ஏற்ப இடங்களைத் தரும் விகிதாசாரப் பிரதிநிதித்துவம் கேட்டு லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் சாரா ஓல்னி கொண்டுவந்த மசோதாவை அறிமுகப்படுத்த மக்களவை 138க்கு 136 என்ற கணக்கில் அனுமதித்தது. அது சட்டமாகவில்லை, உண்மைதான். ஆனால் மாறுவதா என்ற கேள்வியோடு, எதற்கு மாறுவது என்ற கேள்வியையும் இனி சேர்த்தே கேட்க வேண்டும். அதற்கான பதில்கள் சுற்றியுள்ள நாடுகளில் ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கின்றன.

இருப்பதையே வைத்துக்கொண்டால்

ஒரு தொகுதி, ஒரு உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. இந்த முறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவற்றில் இரண்டு வாதங்களை நான் மதிக்கிறேன். முதலாவது வேகம்: வியாழக்கிழமை வாக்களிப்பு, வெள்ளிக்கிழமை புதிய பிரதமர். இரண்டாவது, உங்கள் எம்பி யார் என்று உங்களுக்குத் தெரியும். விசா சிக்கலோ வீட்டுச் சிக்கலோ வந்தால் தொகுதி அலுவலகத்தில் போய்ப் பார்க்கலாம். குடியேறி வந்த குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். எந்த மாற்றம் வந்தாலும் இதை இழக்கக் கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

ஆனால் “நிலையான ஆட்சி, தெளிவான தீர்ப்பு” என்ற வாதத்தை வரலாறு ஒப்புக்கொள்வதில்லை. 1951இல் தொழிற்கட்சி கன்சர்வேட்டிவ்களைவிட அதிக வாக்கு வாங்கியது. ஆட்சிக்கு வந்தவர் சர்ச்சில். 1974 பிப்ரவரியில் இது திரும்பி நடந்தது: கன்சர்வேட்டிவ்களுக்கு 37.9 சதவீதம், 297 இடங்கள், தொழிற்கட்சிக்கு 37.2 சதவீதம், 301 இடங்கள். அதே தேர்தலில் 19 சதவீதம் வாங்கிய லிபரல்களுக்கு வெறும் 14. 1983இல் லிபரல் - சமூக ஜனநாயகக் கூட்டணி 25.4 சதவீதம் பெற்று 23 இடங்களோடு நின்றது. அதைவிட இரண்டு சதவீதம் மட்டும் கூடுதலாகப் பெற்ற தொழிற்கட்சிக்கு 209 இடங்கள்.

இந்த முறை பிரிட்டனிலிருந்து கப்பலேறிப் போன இடங்களில் செய்த சேதத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1977இல் இலங்கையில் ஐக்கிய தேசியக் கட்சி பாதிக்குச் சற்றே கூடுதலான வாக்குகளில் 168இல் 140 இடங்களை அள்ளியது. அடுத்த ஆண்டே புதிய அரசியலமைப்பு வந்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 சதவீதம் வாங்கியும் 8 இடங்களில் சுருங்கியது. ஒரு தேர்தலின் ஊதிப்பெருத்த பெரும்பான்மை ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தையே மாற்றி எழுதும் பலத்தைத் தந்துவிடும் என்பதைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பிரான்ஸ்: இரண்டு சுற்று

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால், முன்னணியில் இருப்பவர்களுக்குள் மறு வாக்கெடுப்பு: நாடாளுமன்றத் தேர்தல் என்றால் அடுத்த ஞாயிறு, அதிபர் தேர்தல் என்றால் இரண்டு வாரம் கழித்து. நாடாளுமன்றத் தேர்தலில், பட்டியலில் உள்ள மொத்த வாக்காளர்களில் 12.5 சதவீதத்தினரின் ஓட்டை வாங்கியவரும் இரண்டாம் சுற்றில் நிற்கலாம். முதல் சுற்றில் மனதுக்குப் பிடித்தவர், இரண்டாம் சுற்றில் சகித்துக்கொள்ளக்கூடியவர் என்று பிரெஞ்சுக்காரர்கள் இதை விளக்குவார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2002 அதிபர் தேர்தலில் 16 பேர் நின்றார்கள். இடதுசாரி ஓட்டு பல துண்டாக உடைந்தது. பதவியில் இருந்த அதிபர் சிராக் 19.9, தீவிர வலதுசாரி லெ பென் 16.9, அப்போதைய பிரதமர் ஜோஸ்பன் 16.2 சதவீதம். இரண்டாம் சுற்றில் லெ பென்னைத் தடுக்க, இடதுசாரிகளும் வேறு வழியின்றி சிராக்குக்கு ஓட்டுப் போட்டார்கள். அவருக்கு 82 சதவீதம் கிடைத்தது. அந்த 82இல் எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று வாக்குச்சீட்டு சொல்லவில்லை.

2024 நாடாளுமன்றத் தேர்தலில் லெ பென் குடும்பத்தின் தேசியப் பேரணிக் கட்சியும் அதன் கூட்டாளிகளும் முதல் சுற்றில் 33 சதவீதத்தோடு முன்னணியில் நின்றார்கள். ஒரே வாரத்தில் 200க்கும் மேற்பட்ட மற்றக் கட்சி வேட்பாளர்கள் விலகிக்கொண்டதால் இரண்டாம் சுற்றில் அவர்கள் மூன்றாம் இடத்துக்குப் போனார்கள். முடிவு எனக்கு நிம்மதி தந்தது. வழி தரவில்லை. யார் விலகுவது, யாருக்காக விலகுவது என்பதெல்லாம் கட்சி அலுவலகங்களில் முடிவானது. வாக்காளருக்கு அதில் பேச்சே இல்லை. நிலையான ஆட்சியாவது கிடைத்ததா என்றால் அதுவும் இல்லை: பார்னியே அரசு அந்த டிசம்பரிலும் பேய்ரூ அரசு 2025 செப்டம்பரிலும் கவிழ்ந்தன. இதை விட்டுவிடலாம்.

நெதர்லாந்து: முழுப் பட்டியல்

1917 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு நெதர்லாந்தில் நாடு முழுவதையும் ஒன்றாக வைத்தே வாக்குகளைக் கணக்கிட்டு இடங்களைப் பிரிக்கிறார்கள். 150 இடங்கள். 150இல் ஒரு பங்கு வாக்கு, அதாவது 0.67 சதவீதம் வாங்கினாலே ஓர் இடம். துல்லியத்தில் இதை மிஞ்ச முடியாது. 2021இல் 17 கட்சிகள் அவைக்குள் நுழைந்தன. ஆட்சி அமைக்க 299 நாள் பிடித்தது. தாமதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். “என் எம்பி” என்று காட்ட ஒருவரும் இல்லாததுதான் எனக்குச் சரிப்படவில்லை. வேல்ஸ் நாடாளுமன்றமும் 2026 முதல் பட்டியல் முறைக்குப் போகும்படி சட்டம் செய்திருக்கிறது. 16 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 6 பேர். அங்கே தொகுதி என்ற ஒன்று மிஞ்சுகிறது. ஆனால் வாக்காளர் கட்சிக்கு மட்டுமே ஓட்டுப் போட முடியும். பட்டியலில் யார் முதலில் என்பது கட்சி வைத்த வரிசை. இது தவறான திருப்பம் என்றே நினைக்கிறேன்.

ஜெர்மனி: இரண்டு ஓட்டு

விகிதாசாரம் என்றதும், முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியான வைமர் குடியரசு ஹிட்லரைக் கொண்டுவந்த கதையைச் சொல்லிப் பயமுறுத்துவது பிரிட்டனில் வழக்கம். 1928இல் 2.6 சதவீதம் வாங்கிய நாஜிகளுக்கு 12 இடங்கள் கிடைத்தன என்பது சரி. ஆனால் சுதந்திரமாக நடந்த தேர்தல்களில் அவர்களுடைய உச்சம் 1932 ஜூலையில் கிடைத்த 37.3 சதவீதம், அப்போதும் அவையில் பெரும்பான்மை இல்லை. அதே ஆண்டு நவம்பரில் 33.1ஆக இறங்கினார்கள். 33.7 சதவீதத்துக்கு 411 இடங்கள் கொடுக்கும் ஒரு முறையின் கையில் 37.3 சதவீதத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனி அமைத்துக்கொண்டது கலப்பு முறை. 1953 முதல் ஒவ்வொருவருக்கும் இரண்டு ஓட்டு: ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றது கட்சிப் பட்டியலுக்கு. மொத்த இடங்களைத் தீர்மானிப்பது இரண்டாவது ஓட்டு. 5 சதவீத வெட்டுப்புள்ளி உண்டு; அதற்குக் கீழே வாங்கும் கட்சிக்குப் பொதுவாகப் பட்டியல் இடம் கிடையாது. இன்னொரு நல்ல ஏற்பாடு: அடுத்தவரைத் தேர்ந்தெடுக்காமல் பதவியில் இருக்கும் சான்சலரை, அதாவது ஆட்சித் தலைவரை, நாடாளுமன்றம் கவிழ்க்க முடியாது. 1982இல் ஹெல்முட் ஷ்மிட்டை இறக்கி ஹெல்முட் கோலை ஏற்றிய ஒரே ஒரு முறைதான் அது வென்றிருக்கிறது. தேர்தல் முறையை மாற்றாமலேயே பிரிட்டன் இதை எடுத்துக்கொள்ளலாம்.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. தொகுதிகளில் கூடுதலாக வென்ற கட்சிகளுக்கும், அதை ஈடுகட்ட மற்றவர்களுக்கும் இடம் கொடுத்துக் கொடுத்து, 598 பேர் இருக்க வேண்டிய அவை 2021இல் 736 பேராக வீங்கியது. 2023இல் சட்டம் திருத்தி 630இல் நிறுத்தினார்கள். அதன் விளைவாக 2025 பிப்ரவரித் தேர்தலில், தொகுதியில் முதலிடம் வந்த 23 பேருக்கு அவையில் இடம் கிடைக்கவில்லை. உள்ளூர்க்காரர்கள் தேர்ந்தெடுத்தவர் வீட்டில் இருக்கிறார். அதே தேர்தலில் சாரா வாகன்க்னெக்டின் கட்சி 4.98 சதவீதத்தில், பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் வெட்டுப்புள்ளியைத் தவறவிட்டது. ஒரு சதவீதப் புள்ளியில் நூறில் இரண்டு பங்கு குறைந்ததற்காக அவர்களுக்கு ஓட்டுப் போட்ட அத்தனை பேரும் அவைக்கு வெளியே. இருந்தாலும் இது பிரிட்டனுக்கு அந்நியமான முறை இல்லை. ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1999 முதல் இதன் இன்னொரு வடிவத்தில்தான் ஓடுகிறது. என் பட்டியலில் இதற்கு இரண்டாமிடம்.

அயர்லாந்து: எண் போட்டு வரிசைப்படுத்துவது

எனக்குப் பிடித்தது இதுதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

மாநிலங்களவைத் தேர்தலில் நம் எம்எல்ஏக்கள் 1, 2, 3 என்று எண் போட்டு வாக்களிக்கிறார்கள் அல்லவா, அந்த ஒற்றை மாற்று வாக்கு முறைதான் அயர்லாந்தில் சாதாரண வாக்காளர் கையில் இருக்கிறது. ஒரு தொகுதிக்கு 3 முதல் 5 உறுப்பினர்கள். 4 இடங்கள் உள்ள தொகுதியில் செல்லும் வாக்குகள் 50,000 என்றால், அதை 5ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 10,001. அத்தனை ஓட்டு சேர்ந்தவர் வெற்றி. அவருக்கு மிஞ்சிய ஓட்டு, அதே சீட்டுகளில் இரண்டாவதாக எழுதப்பட்டவர்களுக்குப் போகும். யாரும் எட்டாவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். “இவருக்குப் போட்டால் ஓட்டு வீண்” என்ற பயத்துக்கு இங்கே பெரும்பாலும் இடமில்லை. ஒரே கட்சியின் மூன்று பேர் நின்றால் அவர்களில் யார் வேண்டும் என்பதையும் வாக்காளரே சொல்கிறார். பட்டியல் முறையில் கட்சித் தலைமைக்கு இருக்கும் அந்த அதிகாரம் இங்கே மக்களிடம் வந்துவிடுகிறது.

2020 தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். ஷின் ஃபேன் கட்சி தன் அலையைத் தானே எதிர்பார்க்கவில்லை. 42 பேரை மட்டுமே நிறுத்தியது. 37 பேர் வென்றார்கள். பல தொகுதிகளில் அவர்களுக்குத் தேவைக்கு மேல் ஓட்டு குவிந்தது. பிரிட்டனில் என்றால் அந்த உபரி அப்படியே கிடந்திருக்கும். அங்கே அது அடுத்த விருப்பமாக எழுதப்பட்ட சிறிய இடதுசாரிக் கட்சிகளுக்குப் போய் அவர்களில் சிலரைக் கரைசேர்த்தது.

இந்த முறை அயர்லாந்துக்கு வந்த வரலாறுதான் என்னை முழுமையாக இதன் பக்கம் திருப்பியது. 1919இல் ஸ்லைகோ நகர மன்றத் தேர்தலில் அங்கே முதலில் சோதித்தார்கள். 1920இல் லண்டன் நாடாளுமன்றம் இயற்றிய அயர்லாந்து ஆட்சிச் சட்டம், வடக்கு, தெற்கு என்ற இரண்டு நாடாளுமன்றங்களுக்கும் இதே முறையை விதித்தது. தெற்கில் புராட்டஸ்டன்ட் சிறுபான்மை, வடக்கில் கத்தோலிக்கச் சிறுபான்மை. இரண்டுக்கும் பாதுகாப்பு வேண்டும் என்பது நோக்கம். ஒரே தீவு, ஒரே சட்டம், ஒரே தேர்தல் முறை. அதன் பிறகு இரண்டு பகுதிகளும் வெவ்வேறு வழியில் போயின.

வடக்கில், பிரிட்டனோடு இணைந்தே இருக்க வேண்டும் என்ற, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான யூனியனிஸ்ட்களின் அரசு 1922இல் உள்ளாட்சித் தேர்தல்களிலிருந்தும் 1929இல் நாடாளுமன்றத் தேர்தலிலிருந்தும் இந்த முறையை நீக்கி, பிரிட்டன் பாணிக்குத் திரும்பியது. கத்தோலிக்கர்களை மட்டும் குறிவைத்துச் செய்ததில்லை. தங்கள் ஓட்டைப் பிரித்துக்கொண்டிருந்த வடஅயர்லாந்துத் தொழிற்கட்சியையும் சுயேச்சை யூனியனிஸ்ட்களையும் ஒடுக்குவதும் நோக்கம். 1921 முதல் 1972 வரை ஒரே கட்சி ஆண்டது. டெர்ரி நகரில் கத்தோலிக்கர்கள் பெரும்பான்மை. வட்டார எல்லைகளை வளைத்து வரைந்ததால் நகர மன்றம் யூனியனிஸ்ட் கையில். வேலையிலும் வீட்டு ஒதுக்கீட்டிலும் பாரபட்சம். 1968 அக்டோபரில் அதே டெர்ரியில் குடிமை உரிமைகள் கேட்டு நடந்த ஊர்வலத்தின்மீது தடியடி விழுந்தது. பின்னால் வந்த முப்பதாண்டு ரத்தத்துக்கு ஒரு தேர்தல் முறையைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் வாக்குப்பெட்டி வழியே குறை சொல்லும் பாதையை அடைத்ததில் அதற்குப் பங்கு உண்டு. 1973இல் லண்டன் நேரடி ஆட்சியின்போது எண் போடும் முறையைத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்றைய வடஅயர்லாந்து சட்டமன்றமும் அதில்தான் நடக்கிறது.

தெற்கிலும் ஆளுங்கட்சிக்கு அதே ஆசை வந்தது. அப்போதைய பிரதமர் டி வலேரா 1959இல் இதை ஒழிக்க மக்கள் வாக்கெடுப்பு வைத்தார். அதே நாளில் அவரே குடியரசுத் தலைவர் பதவிக்கும் போட்டியிட்டார். மக்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் கேட்ட மாற்றத்தை 51.8 சதவீதத்தால் நிராகரித்தார்கள். ஆட்சியில் இருந்த அவருடைய கட்சி 1968இல் மறுபடி கேட்டது. இந்த முறை எதிர்ப்பு 60.8 சதவீதம். ஆளுங்கட்சியால் வடக்கில் ஒரு சட்டத்தில் முடிந்த காரியம் தெற்கில் முடியாமல் போனதற்கு ஒரே காரணம், தேர்தல் முறை அரசியலமைப்பில் எழுதப்பட்டிருந்ததுதான். மக்களைக் கேட்காமல் தொட முடியாது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். எண்ணிக்கை நாள்கணக்கில் நீளும். 2024 நவம்பர் 29 தேர்தலின் முடிவுகள் முழுமையாக வர மூன்று நாள் ஆனது. கட்சிக்காரர்கள் தடுப்புக்கு இப்பால் நின்று ஒவ்வொரு சீட்டையும் எட்டிப்பார்த்துக் குறிப்பெடுத்து, அதிகாரப்பூர்வ முடிவுக்கு முன்பே கணக்குச் சொல்லிவிடுவார்கள். அது அங்கே ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது. வேகப்படுத்தலாம் என்று 5 கோடி யூரோவுக்கும் மேல் செலவழித்து வாங்கிய மின்னணு இயந்திரங்கள் 2002இல் சில தொகுதிகளில் சோதனையோடு நின்று, 2012இல் பழைய இரும்பு விலைக்குப் போயின. காகிதச் சீட்டே தொடர்கிறது. அதில் நான் குறை காண மாட்டேன்.

அதைவிடப் பெரிய குறை, சொந்தக் கட்சிக்காரரே போட்டியாளராகிவிடுவது. ஆகவே உறுப்பினர்கள் சட்டம் இயற்றுவதைவிட உள்ளூர்ச் சாலைக்கும் சலுகை அட்டைக்கும் அலைவதில் நேரத்தைச் செலவழிக்கிறார்கள் என்ற புகார் அயர்லாந்தில் நெடுநாளாக உண்டு, நியாயமான புகார். அடுத்தது தொகுதி அளவு. 1974இல் அமைச்சர் ஜேம்ஸ் டல்லி, டப்ளினிலும் அதைச் சுற்றிலும் மூன்று இடத் தொகுதிகளாக வெட்டித் தன் கூட்டணிக்கு லாபம் தேட முயன்றார். 1977இல் அலை எதிர்ப்பக்கம் அடித்து, டி வலேராவின் கட்சியான ஃபியன்னா ஃபாலுக்கு 148இல் 84 இடங்கள் போயின. மூன்று இடத் தொகுதியில் விகிதாசாரம் பலவீனம் என்பதற்கு இது பாடம். அதன்பின் எல்லை வரைவதைச் சுயேச்சையான ஆணையத்திடம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரே கட்சி ஐந்தாண்டு தடையில்லாமல் ஆள வேண்டும், அதற்கு எந்த விலையும் தரலாம் என்று நினைப்பவர் இருப்பதையே வைத்துக்கொள்ளட்டும். அது கொள்கை சார்ந்த ஒரு நிலைப்பாடு, மறுக்கிறேன், மதிக்கிறேன். தொகுதி எம்பியும் வேண்டும், கட்சி விகிதமும் சரியாக வர வேண்டும், எண்ணிக்கை இரவோடு முடிய வேண்டும் என்பவருக்கு ஸ்காட்லாந்து வடிவம் பொருந்தும். வாக்காளரின் கையில் அதிகபட்ச அதிகாரம் வேண்டும் என்றால் அயர்லாந்து.

பிரிட்டனுக்கு நான் கேட்பது அயர்லாந்து முறையில், பெரும்பாலும் 4 அல்லது 5 இடத் தொகுதிகள். பக்கத்துத் தொகுதிகளைச் சேர்த்தாலே போதும். புதிதாக எல்லைக்கோடு பெரிதாக வரைய வேண்டாம். ஆர்க்னி - ஷெட்லாண்ட் போன்ற தீவுத் தொகுதிகளுக்கு ஏற்கெனவே இருக்கும் விலக்கு தொடரட்டும். கிழக்கு லண்டனில் ஒரு குடும்பத்துக்கு ஓர் எம்பிக்குப் பதில் நான்கைந்து எம்பிகள் இருப்பார்கள்; ஒருவர் காது கொடுக்காவிட்டால் இன்னொரு கட்சிக்காரரிடம் போகலாம்.

2011 வாக்கெடுப்பில் 67.9 சதவீதம் பேர் மாற்றம் வேண்டாம் என்று சொன்னார்களே என்று கேட்பார்கள். அன்று கேட்கப்பட்டது விகிதாசாரமே இல்லை. ஒரு தொகுதிக்கு ஒருவர் என்பதை வைத்துக்கொண்டு எண் மட்டும் போடுவது. 1998இல் அரசு அமைத்த ஜென்கின்ஸ் ஆணையம் அதோடு பட்டியல் உறுப்பினர்களையும் சேர்க்கச் சொல்லியிருந்தது; அந்தப் பாதியை விட்டுவிட்டு மீதியை மக்கள் முன்வைத்தார்கள். வாக்களிக்க வந்ததும் 42 சதவீதம் பேர்தான்.

மாற்றத்தைக் காப்பாற்றுவது எப்படி என்பதுதான் என்னை உறுத்துகிறது. பிரிட்டனில் எழுதப்பட்ட ஒரே அரசியலமைப்பு ஆவணம் கிடையாது. ஒரு பெரும்பான்மை கொண்டுவந்ததை அடுத்த பெரும்பான்மை சாதாரணச் சட்டத்தால் எடுத்துவிடலாம். மேயர் தேர்தல்களில் இரண்டாம் விருப்பம் எழுதும் வசதி இருந்தது; 2022 தேர்தல் சட்டம் வாக்கெடுப்பு ஏதுமின்றி அதை நீக்கியது. லண்டன் மேயர் தேர்தல் 2024இல் முதன்முறையாக அது இல்லாமல் நடந்தது. 2025இல் இப்போதைய அரசு அதைத் திரும்பக் கொண்டுவர மசோதா வைத்தது. ஆகவே எந்த முறைக்கு மாறினாலும், மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் அதை மாற்றக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் வரும் நாடாளுமன்றத்தை அது முழுமையாகக் கட்டிப்போடாது என்பது தெரியும். ஆனால் அந்த விதியை வெளிப்படையாக நீக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்றால், 1929இல் பெல்ஃபாஸ்ட் அரசு செய்ததுபோல் ஓசையில்லாமல் செய்துவிட முடியாது.